நான்கு இயர்பட், மூன்று ஆம்ப்: ஒலியளவைச் சமன்செய்து கேட்ட பதிவு

காதுத் துளைக்குள் நுழையாமல், செவிமடலின் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும் தட்டை இயர்பட்களைப் பற்றிய பதிவு இது. 1982-இல் சோனியின் எம்டிஆர்-இ252 கொண்டுவந்த வடிவம். ரப்பர் முனையோடு துளையை அடைக்கும் வகை சந்தையைப் பிடித்த பிறகும் இது அழியவில்லை. காது அடைபடாமல், ஒலி முன்னால் விரிந்து நிற்பதுபோல் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் இதை விடவே மாட்டார்கள். நானும் அவர்களில் ஒருவன். உயர்தர இயர்பட்களில் பல, சென்ஹைசர் எம்எக்ஸ்500 கூட்டின் வடிவத்தையொட்டிய ஓட்டுக்குள் 15 மில்லிமீட்டரை ஒட்டிய விட்டமுள்ள டிரைவரை (ஒலி எழுப்பும் பகுதியை) வைத்துச் செய்தவை. இம்பீடன்ஸ்தான் (மின்னோட்டத்துக்கு இயர்பட் காட்டும் எதிர்ப்பு, ஓமில் அளப்பது) இவற்றில் தலைசுற்ற வைக்கும் விஷயம். 16 ஓமில் இருக்கும், 32-இல் இருக்கும், யூயின் பிகே1 மாதிரி 150-இல் இருக்கும், 300-ஐத் தாண்டியும் இருக்கும்.

300 ஓம் இயர்பட் வாங்கியவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "பெரிய ஆம்ப் இல்லாமல் இது பாடாது" என்பது. ஆம்ப் என்றால் ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கித் தரும் கருவி. இந்த அறிவுரை எந்த அளவுக்கு உண்மை என்று கையால் செய்து, அளந்து, கேட்டுப் பார்ப்பதுதான் இந்த வேலையின் நோக்கம். என்னிடம் இருந்த இயர்பட்கள் நான்கு: உலோகக் கூட்டில் 16 ஓம், எம்எக்ஸ்500 கூட்டில் 32 ஓம், அதே கூட்டில் 300 ஓம், வேறொரு கூட்டில் 150 ஓம். ஒரே கூட்டில் 32, 300 இரண்டும் இருந்தது வசதி. கூடு மாறினாலே ஒலி மாறிவிடும், அப்புறம் எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. ஆம்ப் பக்கம் மூன்று: போனில் மாட்டும், 1 வோல்ட் தரும் ஒரு சின்ன யூஎஸ்பி-சி டாங்கிள், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிமோய், மேசைமேல் வைக்கும் ஓ2. சிமோய் என்பது சூ மோய் வெளியிட்ட எளிய சுற்று. ஓ2 என்பது 2011-இல் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் எழுதியவர் வெளியிட்ட வடிவமைப்பு. இரண்டும் வீட்டில் சால்டர் செய்யக்கூடியவை.

முதல் வேலை ஒலியளவைச் சமன்செய்வது. இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை. அரை டெசிபெல் கூடுதலாக இருந்தால் காதுக்கு அது 'சத்தமாக' இருப்பதாகத் தெரியாது. 'தெளிவாக', 'பேஸ் திடமாக' இருப்பதாகத்தான் தெரியும். ஒலியளவு மாறும்போது பேஸ் (தாழ்ந்த ஒலிகள்), ட்ரெபிள் (உயர்ந்த ஒலிகள்) இரண்டையும் காது உணரும் விகிதமே மாறுகிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

ஒரே இயர்பட்டை இரண்டு ஆம்ப்களில் ஒப்பிட மல்டிமீட்டர் போதும். ஒரு 3.5 மிமீ பிளக், ஒரு சாக்கெட், நடுவில் இடது, வலது, கிரவுண்ட் மூன்றிலிருந்தும் வெளியே நீட்டிய கம்பிகள் என்று ஒரு சின்ன இணைப்புத் துண்டு செய்துகொண்டேன். இயர்பட் மாட்டியிருக்கும்போதே அதன் முனையில் வோல்ட்டேஜை அளக்க வேண்டும். சுமை இல்லாமல் அளந்த எண்ணுக்கு இங்கே பயன் கிடையாது. சாதாரண மல்டிமீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் ஏசியை நம்பும்படி அளக்கும். அதனால் 1 கிலோஹெர்ட்ஸுக்குப் பதில் 300 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டேன். இயர்பட்டைக் காதில் வைத்துக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. குமிழ் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பினாலும் காது பாதிக்கப்படும். இரண்டு ஆம்ப்களும் ஒன்றுக்கொன்று 1 சதவீத வித்தியாசத்துக்குள் வரும்வரை ஒலியளவைத் திருத்தினேன். 1.2 சதவீதம் என்றால் 0.1 டெசிபெல். 200 மில்லிவோல்ட்டுக்கு எதிரே 202 நின்றால் தாராளமாகப் போதும்.

இரண்டு வெவ்வேறு இயர்பட்களைச் சமன்செய்வது இதைவிடச் சிரமம், அங்கே வோல்ட்டேஜ் உதவாது. தட்டையான ரப்பர் தகட்டில் துளை போட்டு, கீழே சின்ன மைக்கைப் பொருத்தி, மேலே இயர்பட்டை அதன் ஃபோம் உறையோடு அழுத்தி வைத்து, 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான இரைச்சலை ஓடவிட்டு அளவைச் சரிசெய்தேன். இந்த அமைப்பு பேஸைப் பற்றிச் சொல்வதை நம்பக் கூடாது. உண்மையான காது மடலில் நடக்கும் கசிவு தகட்டில் இல்லை. நடு அதிர்வெண்களின் அளவைச் சமன்செய்ய மட்டும் இது போதும்.

ஆம்ப்களுக்கிடையே மாற்ற மூன்று வரிசைத் தொடர்புள்ள சுழல் சுவிட்ச் ஒன்றைச் சின்னப் பெட்டியில் பொருத்தினேன். பழைய தொடர்பை விட்ட பிறகுதான் புதியதைப் பிடிக்கும் வகையாக அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கணம் இரண்டு ஆம்ப்களின் வெளியீடும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். கிரவுண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது என்பதால்தான் மூன்று வரிசை. பேலன்ஸ்டு வெளியீட்டை இந்தப் பெட்டியில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அதில் இடதின் எதிர்முனையும் வலதின் எதிர்முனையும் தனித்தனி, சேர்த்தால் ஆம்ப் போய்விடும்.

எல்லாம் தயாரான பிறகு முதலில் பிடிபட்டது ஆம்ப் வித்தியாசம் அல்ல, ஃபோம். அதே 300 ஓம் இயர்பட், அதே ஆம்ப், அதே அளவு. ஃபோம் இல்லாமல் கேட்டால் பாடகரின் 'ச', 'ஸ' எல்லாம் கூர்மையாகக் குத்துகிறது, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தாளம் மட்டும் கொடுக்கிறது, கும்கி (தொப்பியில் கையை இழுத்து எழுப்பும் வளைந்த ஓசை) எழவே இல்லை. முழு ஃபோம் போட்டதும் கும்கி வளைந்து இறங்குவது கேட்கிறது, ஆனால் தம்புராவின் மேல் ஸ்வரங்கள்மேல் மெல்லிய துணி விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. நடுவில் துளையுள்ள டோனட் ஃபோம் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது: விளிம்பில் காதோடு ஒட்டுவதால் பேஸ் கசிவது குறைகிறது, நடுத்துளை திறந்திருப்பதால் ட்ரெபிள் தடையில்லாமல் வருகிறது. இயர்பட்டைக் கழற்றித் திரும்ப வைத்தாலே பேஸ் பல டெசிபெல் ஏறி இறங்குகிறது. விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள், உடனே புரிந்துவிடும். ஆம்ப் மாற்றி வந்த எந்த மாற்றமும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஆகவே ஒரு ஒப்பீட்டின்போது இயர்பட்டைக் காதிலிருந்து எடுக்கவே கூடாது என்று விதி வைத்துக்கொண்டேன். சுவிட்ச் பெட்டியின் அருமை அங்கேதான்.

டோனட் ஃபோமோடு நான்கையும் கேட்டதில், 16 ஓம் உலோகக் கூடுதான் மேல் அதிர்வெண்களில் அதிகம் மினுங்குகிறது. சலங்கை, சிம்பல், கிட்டார் கம்பியில் நகம் படும் ஓசை எல்லாம் முன்னால் வந்து நிற்கின்றன. குரலுக்கு அது எனக்குக் கொஞ்சம் அதிகம். 150 ஓம் இதற்கு நேர் எதிர்: குரல் முன்னால், வயலின் சூடாக, மேலே எல்லாம் அடக்கம். ராத்திரி நீண்ட நேரம் கேட்க எனக்கு இதுதான் பிடிக்கிறது. 32 ஓமும் 300 ஓமும் ஒரே கூட்டில் இருப்பதால் அடிப்படைச் சாயல் ஒன்றுதான். 300-இல் 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய தூக்கல் குறைவு, அதனால் கூட்டமாக வாத்தியங்கள் வரும்போது தனித்தனியாகப் பிரிகின்றன. 32-இன் அந்தத் தூக்கலை ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதியில்) இறக்கிவிட்டால் இரண்டுக்கும் இடையில் எஞ்சும் வித்தியாசம் மிகச் சிறியது. அதிக ஓம் என்றாலே ஒலி உயர்வு என்று பலரும் நம்புவதற்கு என் காது சாட்சி சொல்லவில்லை. சுருளில் மெல்லிய கம்பியை அதிகச் சுற்று சுற்றினால் ஓம் ஏறும். ஒலியைத் தீர்மானிப்பது டயாஃப்ரமும் கூடும் காற்றுத்துளைகளும்.

சரி, ஆம்ப் எதற்குத் தேவை? இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஒரு மில்லிவாட் தர 16 ஓமுக்கு 0.13 வோல்ட் போதும். 300 ஓமுக்கு 0.55 வோல்ட் வேண்டும். மில்லிவாட் கணக்கில் இரண்டின் உணர்திறனும் ஒன்றே என்றாலும், ஒரே குமிழ் நிலையில் 300 ஓம் கிட்டத்தட்ட 13 டெசிபெல் அடங்கிக் கேட்கும். இதைத்தான் "பாடவில்லை" என்கிறார்கள். ஆனால் மின்னோட்டம் தலைகீழ்: 16 ஓமுக்கு 8 மில்லிஆம்பியர், 300 ஓமுக்கு 2-க்கும் குறைவு. அதாவது 300 ஓம் இயர்பட் கேட்பது வோல்ட்டேஜை. 'பெரிய' ஆம்பை அது கேட்கவில்லை.

மில்லிவாட்டுக்கு 105 டெசிபெல் தரும் 300 ஓம் இயர்பட்டை எடுத்துக்கொள்வோம். இசையின் உச்சம் 100 டெசிபெல் தொட வேண்டும் என்றால் 0.32 மில்லிவாட் போதும், அதற்கு 0.31 வோல்ட். 1 வோல்ட் டாங்கிள் இதை அலுங்காமல் செய்துவிடும். 0.5 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளும் டாங்கிள்களும் உண்டு, அவையும் செய்துவிடும். அப்படியானால் ஆம்பே வேண்டாமா? ஈக்யூ போடாதவருக்குப் பெரும்பாலும் வேண்டாம். ஆனால் இயர்பட் திறந்த வகை, அடி பேஸ் கசிகிறது, அதனால் 60 ஹெர்ட்ஸை ஒட்டி 8 டெசிபெல் தூக்கலாம் என்று கை போகும். எண்முறையில் தூக்க வேண்டுமென்றால் முதலில் மொத்தத்தையும் 8 டெசிபெல் இறக்கிவிட்டுத்தான் தூக்க முடியும், இல்லையேல் கிளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்படும். அந்த 8 டெசிபெலை அனலாக் பக்கத்தில் திரும்பக் கொடுக்க வேண்டும். இப்போது 0.31 வோல்ட் 0.78 ஆகிவிடுகிறது. 1 வோல்ட் டாங்கிள் விளிம்பில் தப்பிக்கிறது, 0.5 வோல்ட் டாங்கிள் தோற்கிறது. உயர் ஓம் இயர்பட்டுக்கு ஆம்ப் வாங்க நான் ஒப்புக்கொள்ளும் காரணம் இதுதான். அளவாக ஈக்யூ போட்ட 300 ஓம் இயர்பட்டில் டபுள் பேஸின் கீழ்க்கம்பி முழுசாக எழும்பி வருவதைக் கேட்டவர் அந்தக் கூடுதல் வோல்ட்டேஜை விட்டுக்கொடுக்க மாட்டார்.

சிமோயைக் கட்டும்போது அதன் மூல மதிப்புகளை அப்படியே வைக்கவில்லை. வழக்கமான சுற்றில் ஃபீட்பேக் ரெசிஸ்டர் 10 கிலோஓம், அதன் கீழ் ரெசிஸ்டர் 1 கிலோஓம்; கெயின் (பெருக்கும் மடங்கு) 11. 300 ஓமுக்கே இது அதிகம். முதலில் இந்த மதிப்பிலேயே வைத்து 16 ஓம் இயர்பட்டை மாட்டி அளந்தேன். கேட்கும் அளவில் குமிழ் அசையத் தொடங்கும் இடத்திலேயே நின்றது. இடது 11 மில்லிவோல்ட், வலது 8. கிட்டத்தட்ட 2.8 டெசிபெல் சாய்வு. பாடகர் இடது தோளுக்குப் போய்விட்டார். இரட்டைக் குமிழ்களின் இரண்டு தடங்களும் அடிமட்டத்தில் ஒன்றாக நகர்வதில்லை என்பது அவற்றின் இயல்பு. குமிழை மாற்றுவதைவிட அது மேலே நிற்கும்படி கெயினைக் குறைப்பதுதான் வழி. கீழ் ரெசிஸ்டரை 4.7 கிலோஓமாக மாற்றினேன், கெயின் 3.1-க்கு வந்தது. அதே ஒலியளவுக்குக் குமிழ் நன்றாக மேலே ஏறி நின்றது, இடது 11.0, வலது 10.7. பாடகர் நடுவுக்கு வந்தார்.

சிமோயில் பெருக்கும் வேலையைச் செய்யும் ஆப்-ஆம்ப் சில்லு ஓபிஏ2134. பேட்டரியை இரண்டு ரெசிஸ்டர்களால் நடுவில் பிரித்துக் கிரவுண்டாக்குவது இந்தச் சுற்றின் எளிமை, பலவீனமும் அதுவே. குறைந்த ஓம் சுமை இழுக்கும்போது அந்த நடுப்புள்ளி அசைகிறது, கிடைக்கும் வோல்ட்டேஜ் சுருங்குகிறது. 300 ஓம் அதை அசைப்பதே இல்லை. புதிய பேட்டரியில் 2 வோல்ட்டை ஒட்டி வரும், அது எனக்குத் தாராளம். எந்த ஆம்பைக் கட்டினாலும் இயர்பட்டை மாட்டுமுன் வெளியீட்டில் டிசி வோல்ட்டேஜ் பார்த்துவிடுங்கள். சில மில்லிவோல்ட் இருந்தால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் எங்கோ தவறான ரெசிஸ்டரோ சரியாகப் பிடிக்காத சால்டரோ இருக்கிறது, கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் மேலே போக வேண்டும்.

ஓ2-இல் ஒரு நுணுக்கம் உண்டு. அதில் ஒலியளவுக் குமிழ் கெயின் படிக்குப் பிறகு வருகிறது. 6.5 மடங்கு கெயினில் 2 வோல்ட் மூலத்தை மாட்டினால் உள்ளே 13 வோல்ட் வேண்டும், அவ்வளவு அதனால் தர முடியாது. குமிழைக் குறைத்து வைத்தாலும் அலை ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டது. 2.5 மடங்கில் வைத்தால் பிரச்சினை இல்லை. குறைந்த கெயின் பக்கத்து ரெசிஸ்டர்களை எடுத்துவிட்டால் 1 மடங்கு ஆகிவிடும். என்னுடையதை அப்படித்தான் வைத்திருக்கிறேன். குமிழ் கெயினுக்குப் பின்னால் இருப்பதில் நன்மையும் உண்டு: குமிழைக் குறைக்கும்போது கெயின் படியின் இரைச்சலும் சேர்ந்து குறைகிறது.

இரைச்சல் விஷயத்தில் கவலைப்பட வேண்டியவர் 16 ஓம்காரர். மில்லிவாட்டுக்கு 108 டெசிபெல் தரும் 16 ஓம் இயர்பட், ஒரு வோல்ட்டுக்கு 126 டெசிபெல் என்று ஆகிறது. ஆம்ப் இரைச்சல் 50 மைக்ரோவோல்ட் இருந்தால் காதில் 40 டெசிபெல் ஹிஸ். அமைதியான அறையில் நன்றாகவே கேட்கும். அதே உணர்திறனுள்ள 300 ஓமில் அது 27 டெசிபெலாக அடங்கிவிடுகிறது. 'கறுப்பான பின்னணி' என்று உயர் ஓம் இயர்பட்களைப் புகழ்வதில் உண்மை இருக்கிறது, அதன் பெரும்பகுதி இந்தக் கணக்குத்தான். பெரிய ஹெட்ஃபோனுக்கான ஆம்பில் 16 ஓம் இயர்பட்டை மாட்டாதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது. 32 ஓம் இயர்பட்டை ஒரு ரெசிஸ்டரோடு தொடராக இணைத்து, அதிர்வெண்ணை மாற்றி மாற்றி அளந்தேன். எல்லா இடத்திலும் 32-ஐ ஒட்டியே நிற்கிறது, டிரைவரின் ஒத்ததிர்வு வரும் 130 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் 38-க்கு ஏறி இறங்குகிறது. ஓ2-இல் ஒவ்வொரு பக்கமும் என்ஜேஎம்4556 சில்லின் இரு பாதிகளும் தலா 1 ஓம் வழியாகச் சேர்வதால் வெளியீட்டு இம்பீடன்ஸ் 0.5 ஓம். அதில் அந்த ஏற்றத்தால் வரும் மாற்றம் 0.02 டெசிபெல், ஒன்றுமே இல்லை. தொடரில் 33 ஓம் சேர்த்தால் 0.7 டெசிபெல் பேஸ் மேடு; 120 ஓம் சேர்த்தால் 1.2 டெசிபெல். கூர்ந்து கேட்டால் 120-இல் மிருதங்கம் சற்றுப் பருமனாகிறது, பலருக்கு அது பிடிக்கவும் செய்யும். பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர்கள் (ஒருவகைச் சிறிய டிரைவர்கள்) கொண்ட இன்-இயர்களில் இம்பீடன்ஸ் தாறுமாறாக ஏறி இறங்குவதால் அங்கே இது பெரிய பிரச்சினை. ஒற்றை டைனமிக் டிரைவர் இயர்பட்டில் அதே பயத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

ஆம்ப்களை மறைத்து வைத்துக் கேட்கும் பகுதிக்கு, சுவிட்ச் பெட்டியின் வயர்களை இன்னொருவர் எனக்குத் தெரியாமல் மாற்றி மாட்டிக்கொடுத்தார். அளவு சமமாக, ஈக்யூ இல்லாமல், 300 ஓமில் டாங்கிள், சிமோய், ஓ2 மூன்றையும் என்னால் ஊகத்தைத் தாண்டிப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சமன்செய்யுமுன் சிமோயில் கேட்டதாக எழுதிவைத்திருந்த 'இதமான நடுப்பகுதி' சமன்செய்த பிறகு காணாமல் போனது. பிரித்தறிய முடிந்த இடங்கள் இரண்டே. ஒன்று, 16 ஓமில் ஹிஸ்: பாட்டுக்கு முந்தைய மௌனத்தில் சிமோயை உடனே அடையாளம் கண்டேன். இரண்டு, 8 டெசிபெல் பேஸ் ஈக்யூவோடு 300 ஓமை உரக்கக் கேட்டபோது: டாங்கிளின் ஒலியளவு முழுதாக ஏறி, மேலே போக இடமில்லாமல் நின்றது, மற்ற இரண்டுக்கும் தாராளமாக இடம் இருந்தது.

இப்போது என் மேசையில் 300 ஓமும் 150 ஓமும் ஓ2-இல் இருக்கின்றன, பையோடு போகும்போது சிமோயில். 16, 32 இரண்டும் டாங்கிளோடு போய்விட்டன, அவற்றுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. புதிதாக ஆம்ப் பார்ப்பவர் விவரத்தாளில் முதலில் தேட வேண்டியது 300 ஓம் சுமையில் எத்தனை வோல்ட் என்பதை. 32 ஓமில் எத்தனை மில்லிவாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது உயர் ஓம் இயர்பட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்கு அடுத்து இரைச்சல் எத்தனை மைக்ரோவோல்ட், கெயினைக் குறைக்க சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன்னால், இருக்கும் இயர்பட்டுக்கே இரண்டு மூன்று வகை டோனட் ஃபோம் வாங்கி மாற்றிப் பாருங்கள். ஃபோமின் தடிமன் அரை மில்லிமீட்டர் மாறினாலும் காதில் உட்காரும் விதம் மாறுகிறது. 150 ஓமின் பின்பக்கக் காற்றுத்துளைமேல் ஒட்டும் வடிகட்டித் தாளை மாற்றி அளக்கும் வேலை பாதியில் இருக்கிறது. அந்த அளவீடுகள் முடிந்ததும் தனியாக எழுதுகிறேன்.